பகலில் இருட்டறை, இரவெல்லாம் டியூப் லைட்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருவட்டார் பக்கத்தில் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே உள்ள ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். வீடுகளுக்கு வயரிங் செய்வது என் தொழில். ஐ.டி.ஐ. முடித்த நாளிலிருந்து அதுதான் சோறு போடுகிறது. வேர்க்கிளம்பி முதல் குலசேகரம் வரை நான் சுவரை வெட்டி, பைப் பதித்து, ஒயர் இழுத்த வீடுகள் ஏராளம். தங்கள் நாளிதழில் முதியோர் நலன் பற்றி வருவதையெல்லாம் விடாமல் வாசிக்கிறேன். மறதி நோய் பற்றியும் அவ்வப்போது எழுதுகிறீர்கள். மாத்திரை, சாப்பாடு, மூளைக்கான பயிற்சி எல்லாம் வருகிறது. வீட்டு வெளிச்சம் பற்றி மட்டும் யாரும் எழுதுவதில்லை. அதைப் பற்றி எழுத எனக்கு இரண்டு தகுதிகள் உண்டு. ஒன்று தொழில். இன்னொன்று, என் அம்மைக்கு அல்சைமர் வகை மறதி நோய் வந்து, அவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மறதி நோய் வந்த முதியவர் இரவில் உறங்காவிட்டால் உடனே உறக்க மாத்திரைக்கு ஓடுகிறோம். அதற்கு முன்னால், அவர் பகலில் எங்கே இருக்கிறார், இரவில் எந்த விளக்கின் கீழ் படுத்திருக்கிறார் என்று பார்க்க வேண்டும். நான் வேலைக்குப் போகும் வீடுகளில் இது பெரும்பாலும் தலைகீழாக இருக்கிறது. பகலில் அவருக்கு இருட்டறை, இரவு முழுக்க தலைக்கு மேல் டியூப் லைட்.

இந்தத் தலைகீழ் எப்படி வந்தது என்பதை ஒரு வயர்மேன் நன்றாகச் சொல்ல முடியும். பழைய ஓட்டு வீடுகளில் முன்னால் படிப்புரை இருந்தது. வயதானவர்கள் காலையில் கட்டன் சாயாவைக் குடித்துவிட்டு அங்கே வந்து இருப்பார்கள். வெற்றிலை இடிப்பது, மரச்சீனிக் கிழங்குக்குத் தோல் சீவுவது, ரோட்டில் போகிறவர்களைக் கூப்பிட்டு ஊர்க்கதை கேட்பது எல்லாம் அங்கேதான். மதியச் சாப்பாடு வரை முகத்தில் வெளிச்சம் பட்டுக்கொண்டே இருக்கும். யாரும் அதை வைத்தியம் என்று நினைத்துச் செய்யவில்லை. பிறகு வெளிநாட்டுப் பணம் வந்தது, கான்கிரீட் வீடு வந்தது. படிப்புரை இருந்த இடத்தில் சிட்அவுட் வந்தது. அதற்குக் கிரில் போட்டு, உள்ளே பைக்கை நிறுத்துகிறோம். ஜன்னலுக்குக் கறுப்புக் கண்ணாடி, அதன்மேல் கொசுவலை, அதன்மேல் கனத்த திரை. பகல் பதினோரு மணிக்கு ஹாலில் லைட் போட்டால்தான் பேப்பர் வாசிக்க முடிகிறது.

வீட்டில் ஒருவருக்கு மறதி என்று ஆனதும் அவருக்கு ஒதுக்கப்படுவது பெரும்பாலும் அடுக்களைக்குப் பின்னால், குளியலறையை ஒட்டிய சின்ன அறை. அதற்கு நியாயமான காரணம் உண்டு. சுத்தம் செய்ய வசதி. அடுக்களையில் நிற்கும் மருமகளோ மகளோ எட்டிப் பார்த்துக்கொள்ளலாம். வாசலில் இருத்தினால் இறங்கி ரோட்டுக்குப் போய்விடுவாரோ என்ற பயமும் உண்டு. வந்தவர் போனவர் பார்த்து ஏதாவது சொல்வார்களே என்ற கூச்சமும் உண்டு. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அந்த அறையின் ஜன்னலை மதிலும், மதிலுக்கு அப்பால் பக்கத்து வீட்டுச் சுவரும் மறைத்திருக்கும். அங்கே ஒரு டியூப் லைட் மாட்டித்தரச் சொல்லி என்னைக் கூப்பிடுவார்கள். “கட்டிலுக்கு நேர மேல போடுங்க, ராத்திரி பூரா எரியணும், இல்லேன்னா பயப்படுவாங்க” என்பார்கள்.

எங்கள் வீட்டுக்கு இன்னொரு சிக்கல், ரப்பர். ஒக்கிப் புயலில், 2017 நவம்பர் 30ஆம் தேதி, எங்கள் வீட்டைச் சுற்றியிருந்த முற்றிய மரங்கள் எல்லாம் விழுந்தன. அதன்பின் சில வருடங்கள் வீட்டுக்குள் வெயில் தாராளமாக வந்தது. பதிலுக்கு நட்ட தைகள் இப்போது வளர்ந்து, மேலே ஒன்றோடொன்று கோத்துக்கொண்டன. இலை உதிர்கிற டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை கொஞ்சம் வானம் தெரியும். மற்ற மாதங்களில் நடுப்பகலிலும் வீட்டுக்குள் அந்தி மாதிரிதான்.

அம்மை பால்வெட்டுக்கு, அதாவது ரப்பர் மரத்தில் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் வேலைக்குப் போனவர்கள். அப்பாவும் அவர்களும் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு மூன்று மணிக்கே தோட்டத்துக்குப் போவார்கள். விடிந்ததும் பால் எடுத்து, உறைய வைத்து, ஷீட் அடித்து, கொடியில் போட்டுவிட்டுத்தான் கஞ்சி. நோய் முற்ற முற்ற, நேற்று நடந்தது போய்விட்டது. அந்த மூன்று மணி மட்டும் போகவில்லை. இரவு பன்னிரண்டு, ஒரு மணிக்கு எழுந்து, “எனக்க லைட்டு எங்க மக்களே, பாலு வெட்டப் போவாண்டாமா?” என்று கேட்டுக்கொண்டு கதவைத் தட்டுவார்கள். எங்கள் முற்றத்தில் கிணறு இருக்கிறது. கைப்பிடிச் சுவர் இடுப்பளவுதான். அந்தப் பயத்திலேயே என் மனைவி அம்மையின் கட்டிலுக்கு அருகே தரையில் பாய் விரித்துப் படுத்தாள். அவளுக்கு உறக்கம் போய், ரத்தக் கொதிப்பு வந்தது. மறதி நோயாளியின் உறக்கம் என்று பேசும்போது, பார்த்துக்கொள்கிறவரின் உறக்கமும் அதில் சேர்த்திதான். முதியவரைக் கொண்டுபோய் இல்லத்தில் விடலாமா என்ற பேச்சு பல வீடுகளில் மறதியால் தொடங்குவதில்லை. இந்த இரவுகளால்தான் தொடங்குகிறது.

அக்காள் மகள் இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். நம் மாவட்டத்தில் நர்ஸ் இல்லாத குடும்பம் ஏது? வீடியோ காலில் அம்மையைப் பார்த்தவள் கேட்ட முதல் கேள்வி: “மாமா, பாட்டிய பகல்ல எங்க இருத்துறீங்க? பின்னால இவ்வளவு இருட்டா இருக்கே?” பிறகு நாகர்கோவிலில் நாங்கள் காட்டும் டாக்டரும் அதையே வேறுமாதிரி கேட்டார். அவர்கள் சொன்னதையும் அதன்பின் தேடி வாசித்ததையும் சேர்த்து, எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன்.

கண்ணுக்குப் பார்ப்பது தவிர இன்னொரு வேலையும் உண்டு. விழித்திரையில் சில செல்கள் உருவத்தைப் பார்ப்பதில்லை, வெளிச்சம் எவ்வளவு என்பதை மட்டும் அளந்து மூளைக்குச் சொல்கின்றன. அந்தச் செல்கள் தாமாகவே ஒளியை உணர்கின்றன என்பது 2002இல்தான் உறுதியானது. மெலனாப்சின் என்ற நிறமிதான் அவற்றின் கருவி. நீல நிற ஒளிக்கு, அதாவது 480 நானோமீட்டர் பக்கத்தில் உள்ள ஒளிக்கு, அது நன்றாக எதிர்வினை காட்டும். காலை வானத்தில் இந்த ஒளி நிறைய இருக்கிறது. அந்தச் செய்தி போய்ச் சேருமிடம், இரண்டு கண் நரம்புகளும் குறுக்கே கடக்கிற இடத்துக்குச் சற்று மேலே இருக்கிற ஒரு சிறு செல் கூட்டம். சுமார் 20,000 நரம்பு செல்கள்தான். உடம்பின் கடிகாரம் அதுதான். எப்போது உறக்கம், எப்போது விழிப்பு, எப்போது உடல்சூடு இறங்க வேண்டும், உறக்கத்துக்கான மெலடோனின் எப்போது சுரக்க வேண்டும் என்பதெல்லாம் அதன் கணக்கு.

மனிதர்களில் இந்தக் கடிகாரத்துக்கு ஒரு நாள் என்பது சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் அதிகம். எங்கள் தொழிலில் தெருவிளக்குக்கு வைக்கும் டைமர் இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போகும். யாராவது ஏறித் திருப்பி வைக்காவிட்டால் ஒரு கட்டத்தில் நடுப்பகலில் விளக்கு எரியும். நம் உடம்பில் தினமும் திருப்பி வைக்கிற வேலையைச் செய்வது காலை வெளிச்சம்.

மறதி நோயில் மூன்று பக்கமும் அடி விழுகிறது. அல்சைமர் நோயாளிகளில் அந்தக் கடிகாரச் செல்களே குறைகின்றன. நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1985இலேயே இதைக் காட்டியிருக்கிறார்கள். அடுத்தது, வயதானால் கண்ணின் லென்ஸ் மஞ்சளித்துப் போகும், புரையும் விழும். அது முதலில் தடுப்பது அந்த நீல ஒளியைத்தான். மூன்றாவது, நாம் அவரைக் கொண்டுபோய் இருட்டறையில் வைக்கிறோம். முதலாவதை யாராலும் மாற்ற முடியாது. இரண்டாவதுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை இருக்கிறது. “இந்த வயசுல கண் ஆப்பரேஷன் எதுக்கு, என்னத்த வாசிக்கப் போறாங்க” என்று தள்ளிப்போடும் வீடுகள் இதையும் கொஞ்சம் யோசிக்கலாம். மூன்றாவது முழுக்க நம் கையில்.

எவ்வளவு வெளிச்சம் என்று கேட்டால் எனக்கு அளந்துதான் பழக்கம். என்னிடம் லக்ஸ் மீட்டர் இருக்கிறது. ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவுதான் லக்ஸ். மேசையின் மேல் வைத்து அளந்து பயனில்லை. உட்கார்ந்திருப்பவரின் கண்ணுக்கு நேரே, அவர் பார்க்கிற திசையில் பிடித்து அளக்க வேண்டும். அம்மையின் அறையில் காலை பத்து மணிக்கு, டியூப் லைட் எரியும்போதே 70 லக்ஸ் தாண்டவில்லை. வீட்டின் கிழக்குப் பக்கம், தோட்டம் முடிந்து ரோடு தொடங்கும் இடத்தில் நிழலில் நாற்காலி போட்டு அளந்தேன்: 4,000க்கு மேல். வெட்டவெளி வெயிலில் மீட்டர் எண்பதாயிரத்தைத் தொட்டது. ஜூன் மாத மழைமேகம் கவிந்த பகலில்கூட அதே நிழலில் ஆயிரத்துக்கு மேல் இருந்தது. அதே அளவை அறைக்குள் கொண்டுவர முயன்றும் பார்த்தேன். இருபது வாட் எல்.இ.டி. டியூப் நான்கு மாட்டியும் கண்ணளவில் ஐந்நூறு வரவில்லை. கண் கூச்சம்தான் வந்தது. நம் கண் இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் உடனுக்குடன் பழகிக்கொள்வதால் இந்த வித்தியாசம் நமக்குத் தெரிவதில்லை. அறை வெளிச்சமாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம்.

நாங்கள் செய்த மாற்றங்கள் பெரியவை அல்ல. அம்மை எழுந்து முகம் கழுவி சாயா குடித்ததும், ஏழரை மணிவாக்கில், கிழக்குப் பக்க நிழலில் நாற்காலி போட்டு இருத்துகிறோம். கைவைத்த, சாயாத நாற்காலி. சும்மா இருக்கச் சொன்னால் இருக்கமாட்டார்கள். ஒட்டுப்பால், அதாவது சிரட்டையில் உறைந்து ஒட்டிய ரப்பர் பால், அந்தக் கூடையை முன்னால் வைத்தோம். சிரட்டையில் ஒட்டியதைப் பிய்த்துப் பிரிக்கும் வேலை கைக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒன்பதரை மணிக்கு வெயில் சுள்ளென்று ஆனதும் உள்ளே கூட்டி வந்துவிடுவோம். மதியம் அரை மணி நேரம் படுக்கலாம், அதற்கு மேல் உறங்க விடுவதில்லை. பகல் படுக்கை முன்புறத்து ஹாலுக்கு வந்துவிட்டது. திரைகளைக் கழற்றிப் பெட்டியில் போட்டாயிற்று. மனைவிக்கு அதில் வருத்தம்தான், புதுத் திரை.

சாயங்காலத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். மறதி நோயாளிகள் பலருக்கு அந்தி நேரத்தில் குழப்பம் கூடும். வீட்டில் இருந்துகொண்டே “வீட்டுக்குப் போணும்” என்பார்கள். அரைவெளிச்சத்தில் நிழல்கள் ஆளாகத் தெரியும். இருட்டிய ஜன்னல் கண்ணாடியில் தெரிகிற தன் முகமே யாரோ எட்டிப் பார்ப்பதுபோல் இருக்கும். ஆகவே ஐந்தரை மணிக்கே, வெளியே இருட்டு விழும் முன், ஹாலில் எல்லா விளக்கையும் போட்டுவிடுகிறோம். மூலைகளில் நிழல் விழாதபடி இரண்டு பக்கச் சுவரிலும் ஒவ்வொன்று. மின்சாரம் மிச்சம் என்று விளக்கு வைக்கும் நேரம் வரை இருட்டில் இருப்பது நம் வீடுகளின் வழக்கம். இந்த ஒரு நோயாளிக்காக அதை மாற்றலாம், எல்.இ.டி. காலத்தில் பில் ஒன்றும் ஏறிவிடாது.

எட்டு மணிக்கு மேல் கதை திரும்ப வேண்டும். பல்பு வாங்கும்போது அட்டைப்பெட்டியில் வாட் மட்டும் பார்க்கிறோம். அதிலேயே 6500 கே, 3000 கே என்று ஒரு எண் இருக்கும். 6500 என்றால் நீலம் கலந்த வெள்ளை, பகலுக்கு உரியது. 2700, 3000 என்றால் மஞ்சள். கடைகளில் வார்ம் ஒயிட் என்று கேட்டால் கொடுப்பார்கள். விலை ஒன்றுதான். எங்கள் வீட்டில் இரவு எட்டுக்கு மேல் மஞ்சள் விளக்கு மட்டும், அதுவும் தாழ்வாக. தலைக்கு மேல் இருந்த டியூபின் ஸ்விட்சை அறைக்கு வெளியே மாற்றிவிட்டேன். டிவியும் அணைந்துவிடும். கட்டிலிலிருந்து குளியலறை வரை தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் ஆள் நடந்தால் எரியும் சிறு மஞ்சள் விளக்குகள் மூன்று. அவை கால் வைக்கிற இடத்தைக் காட்டும். கண்ணுக்கு நேரே அடிக்காது. முன்பெல்லாம் இதற்கு ஜீரோ வாட் பல்பு போடுவோம். ஜீரோ என்பது பேருக்குத்தான். பழைய மீட்டர் அதற்கு ஓடாது என்பதால் வந்த பெயர். உண்மையில் பதினைந்து வாட் வரை இழுக்கும்.

இதனால் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நோய் குறையவில்லை. அம்மைக்கு என் பெயர் சில நாள் நினைவில் இருக்கிறது, சில நாள் இல்லை. ஆனால் ஒன்பதரை, பத்து மணிக்கு உறங்கிவிடுகிறார்கள். முன்பு நள்ளிரவில் எழுந்தவர்கள் இப்போது மூன்றரை, நாலு மணிக்கு எழுகிறார்கள். பால்வெட்டுக்காரிக்கு அது காலைதான். அந்த நேரத்தில் ஒரு சாயா போட்டுக் கொடுத்தால் மல்லுக்கு நிற்பதில்லை. முழு இரவும் கெட்டுப்போகிற நாட்களும் உண்டு. முக்கியமாகச் சளி, மலச்சிக்கல் ஏதாவது இருந்தால் எந்த வெளிச்சமும் உதவாது.

இது முழுக்க வெளிச்சத்தின் வேலை என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். அதே சமயத்தில் டாக்டரும் இரண்டு காரியம் செய்தார். சிறுநீர் பரிசோதனையில் கிருமி இருப்பதைக் கண்டு மருந்து கொடுத்தார். மறதி நோய்க்கு இரவில் கொடுத்துவந்த டொனெபெசில் மாத்திரையைக் காலைக்கு மாற்றினார். சிலருக்கு அது உறக்கத்தைக் கெடுத்துப் பயங்கரக் கனவு காட்டுமாம். எதனால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னிடம் மீட்டர் இல்லை.

ஆராய்ச்சிகளும் ஒரே குரலில் பேசவில்லை. நெதர்லாந்தில் 12 முதியோர் இல்லங்களில் 189 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2008இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்தது. சில இல்லங்களின் பொதுக்கூடத்தில் கூரை விளக்குகளைக் கூட்டி, பகல் முழுக்கச் சுமார் 1,000 லக்ஸ் கிடைக்கச் செய்தார்கள். மற்றவற்றில் சுமார் 300. சராசரியாகப் பதினைந்து மாதம் கவனித்தார்கள். வெளிச்சம் கூடிய இல்லங்களில் நினைவுத்திறன் சரிவது கொஞ்சம் மெதுவானது, ஏறத்தாழ 5 சதவீதம். மனச்சோர்வு 19 சதவீதம் குறைவாக இருந்தது. அதே ஆய்வில் சிலருக்கு மெலடோனின் மாத்திரையும் கொடுத்தார்கள். உறக்கம் இருபத்தேழு நிமிடம் கூடியது. ஆனால் வெளிச்சம் இல்லாமல் மாத்திரை மட்டும் எடுத்தவர்கள் மனம் வாடி ஒதுங்கிப்போனார்கள். வெளிச்சத்தோடு சேர்த்துக் கொடுத்தபோது அந்தக் கெடுதல் இல்லை. மெலடோனினை வாங்கிக் கொடுத்துவிட்டு ஆளை அறையில் பூட்டி வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மறுபக்கம், பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் குழு, மறதி நோய்க்கு ஒளி சிகிச்சையைப் பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்று 2014இல் சொல்லிவிட்டது. அதை மறைத்து எழுதுவது சரியல்ல. எனக்கு அதில் தோன்றுவது இது: ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து இணையத்தில் ‘தெரபி லாம்ப்’ வாங்க வேண்டாம். அப்படிப்பட்ட விளக்குகள் குளிர்காலத்தில் வெளிச்சத்துக்கு அலைகிற நாட்டுக்காரர்களுக்காக வந்தவை. நெதர்லாந்தில் டிசம்பர் பகல் எட்டு மணி நேரம்கூட இராது. நாம் இருப்பது எட்டாவது அட்சரேகையில். நமது மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேர வித்தியாசம்கூட இல்லை. வருடம் முழுக்க ஆறு, ஆறே முக்காலுக்குள் சூரியன் வந்துவிடுகிறது. அதைப் பார்க்க ஊர் ஊராக ஆட்கள் பஸ் பிடித்துக் கன்னியாகுமரிக்கு வருகிறார்கள். நம் வீட்டு முதியவர் மட்டும் பார்ப்பதில்லை. நாற்காலியை நகர்த்த ஆதாரம் தேவையில்லை. அதனால் கெடுதல் வரப்போவதில்லை என்றால் செய்துபார்க்கலாம். கெடுதல் வரக்கூடிய சிலர் உண்டு: விழித்திரை நோய் உள்ளவர்கள், வெயில் பட்டால் தோல் சிவக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள். அவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். வெயில் என்றால் உச்சி வெயில் அல்ல, நிழலில் இருந்தபடி கிடைக்கும் வானத்து வெளிச்சம் போதும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏப்ரலில் யாரும் பாட்டியை முற்றத்தில் காயப்போட்டுவிடக் கூடாது.

படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பற்றி ஒரு சொல். கட்டிலைத் திருப்பிப் போடுங்கள். பெரும்பாலான வீடுகளில் தலைமாட்டில் ஜன்னல் இருக்கும், கண் பார்ப்பது எதிர்ச்சுவரை. கால்மாட்டில் ஜன்னல் வரும்படி திருப்பினால், என் மீட்டர் கணக்கில் கண்ணளவு வெளிச்சம் பல மடங்கு கூடுகிறது. செலவு ஒன்றும் இல்லை.

உறக்க மாத்திரை பற்றி அதிகம் பேச நான் டாக்டர் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், சீட்டில்லாமல் கடையில் வாங்கிக் கொடுத்த மாத்திரையில் பாட்டி மயக்கத்தோடு எழுந்து நடந்து, இடுப்பு எலும்பு முறிந்து, பிறகு எழவேயில்லை. மறதி நோயாளிகளின் ஆவேசத்தை அடக்கக் கொடுக்கும் மனநோய் மருந்துகள் முதியவர்களில் மரண ஆபத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இலேயே எச்சரித்திருக்கிறது. சிலருக்கு அவை தேவைப்படலாம். அது டாக்டரின் முடிவு. டாக்டர் கொடுத்ததை என் கடிதத்தைப் பார்த்துவிட்டு யாரும் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம்.

இனி, அரசுக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் தங்கள் நாளிதழ் வழியாகச் சில கோரிக்கைகள். இந்தியாவில் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல், ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருப்பதாக 2023இல் வந்த தேசிய அளவிலான ஆய்வுக் கணக்கு சொல்கிறது. பிள்ளைகள் வெளிநாட்டிலும் வெளியூரிலும் இருக்க, வயதானவர்கள் மட்டும் தங்கிய வீடுகள் நிறைந்த நம் மாவட்டத்தில் இது சின்ன விஷயம் அல்ல.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்து கொண்டுவரும் தன்னார்வலப் பெண்கள் எங்கள் வீட்டுக்கும் வருகிறார்கள். நல்ல பிள்ளைகள். அவர்களுடைய பதிவேட்டில் இரண்டு கேள்விகளைச் சேர்த்தால் போதும்: முதியவர் பகலில் எவ்வளவு நேரம் வெளியிலோ ஜன்னலுக்கு எதிரேயோ இருக்கிறார்? இரவில் எத்தனை முறை எழுகிறார்? பதிலைப் பார்த்தால் எந்த வீட்டுக்கு உதவி வேண்டும் என்று தெரிந்துவிடும்.

முதியோர் இல்லங்களுக்கு உரிமம் தரும்போதும் புதுப்பிக்கும்போதும் கட்டடம், தீயணைப்பு, கழிவறை எல்லாம் பார்க்கிறார்கள். பொதுக்கூடத்தில் பகல் வெளிச்சம் எவ்வளவு என்று ஒரு மீட்டரை வைத்துப் பார்த்துவிடுவது ஐந்து நிமிட வேலை. படுத்திருப்பவர்களைத் தவிர மற்ற எல்லோரையும் காலையில் ஒரு மணி நேரமாவது வராந்தாவில் இருத்த வேண்டும் என்றும், இரவில் வார்டு முழுக்க வெள்ளை விளக்கு எரியக் கூடாது என்றும் எழுதி வைக்கலாம். நான் வேலைக்குப் போன ஓர் இல்லத்தில் வராந்தா இருக்கிறது, அழகான தோட்டமும் இருக்கிறது. முதியவர்கள் ஓடிவிடுவார்கள் என்று வராந்தாவைப் பூட்டி வைத்திருந்தார்கள். ஆள் பற்றாக்குறை என்றார்கள். அதை மறுக்க முடியாது. ஒரு கதவைப் பூட்டுவதற்குப் பதில் வராந்தாவைச் சுற்றிலும் கிரில் அடித்துவிட்டால், அதே ஆட்களை வைத்தே சமாளிக்கலாம்.

இல்லங்கள் நடத்துகிறவர்களிடமும், வீட்டில் மறதி நோயாளியை வைத்துப் பார்ப்பவர்களிடமும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். நானும் என்னோடு வேலை செய்யும் இரண்டு பையன்களும் ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் சும்மாதான் இருக்கிறோம். கல்குளம், திருவட்டார், விளவங்கோடு வட்டங்களுக்குள் எங்கே கூப்பிட்டாலும் வந்து வெளிச்சத்தை அளந்து, இரவு விளக்குகளை மாற்றித் தருகிறோம். பல்பும் ஒயரும் மட்டும் நீங்கள் வாங்கி வையுங்கள். கூலி வேண்டாம். என் முகவரியையும் செல்பேசி எண்ணையும் கடிதத்தோடு தனித்தாளில் இணைத்திருக்கிறேன். அவற்றை அச்சிடாமல், கேட்டு வருகிறவர்களுக்கு மட்டும் அலுவலகத்திலிருந்து கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வயர்மேன்,
திருவட்டார் வட்டம்,
கன்னியாகுமரி மாவட்டம்.